இரண்டாவது தடவை எடுத்த படம்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். ஆஸ்பத்திரிகளில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவன், அதில் முதல் இரண்டு வருடம் என் எக்ஸ்ரே அறைக்கும் பிணவறைக்கும் ஒரே சுவர்தான், ஒரு நிழல்கூட வந்து என்னை எட்டிப் பார்த்ததில்லை. அதனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டால் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். நடந்தது ராத்திரிகூட இல்லை. மத்தியானம் இரண்டு மணி தாண்டியிருக்கும், ஏசி அறை, டியூப் லைட் எரிகிறது, பக்கத்தில் எம்.டி. படித்த டாக்டர் நிற்கிறார்.

தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. மெஷின் என்பதே அப்போது புதுசு. எங்கள் ஸ்கேன் சென்டரில் இருந்தது வெளிநாட்டில் யாரோ பத்து வருடம் ஓட்டிக் கழித்துவிட்ட மெஷின். டெல்டாப் பையன்களெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த காலம், நான் மட்டும் எதிர்ப்பக்கமாக மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சம்பளம் பரவாயில்லை, ஊர்ச்சோறு என்று சொல்லிவைத்தேன். உண்மையில் என் மனைவி வசந்தா செத்துப்போயிருந்தாள், அதற்குப் பிறகு மஸ்கட்டாக இருந்தால் என்ன, தஞ்சாவூராக இருந்தால் என்ன என்று ஆகிவிட்டது.

நடந்தது புரிய வேண்டுமானால் மெஷின் சமாச்சாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மெஷின் உடம்பைத் தட்டும், பிறகு காது வைத்துக் கேட்கும். தட்டின சதை அங்கேயே இருந்து பதில் சொல்லும், அதுதான் படம். ரத்தம் அப்படி இல்லை, தட்டின ரத்தம் நாம் கேட்பதற்குள் நகர்ந்து போயிருக்கும், அதனால் சாதாரணப் படத்தில் ஓடுகிற ரத்தக்குழாய் கறுப்பாக, ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். கறுப்பாக இருந்தால் நிம்மதி, சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால்தான் சந்தேகம். இன்னொரு முறை இருக்கிறது, அதில் எல்லாம் தலைகீழ். ஒரே இடத்தை மெல்லிசாகப் பிடித்துக்கொண்டு விடாமல் தட்டினால் அங்கே இருக்கிற சதை சலித்துப்போய் வாயை மூடிக்கொள்ளும், புதிதாக உள்ளே வருகிற ரத்தம் மட்டும் பளிச்சென்று பதில் சொல்லும். பந்தியில் சாப்பிட்டு முடித்தவனிடம் எத்தனை தடவை சாம்பார் என்று கேட்டாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டான், இப்போதுதான் வந்து இலை முன்னால் உட்கார்ந்தவன்தான் பார்ப்பான் இல்லையா, அதுபோல. அந்தப் பளிச்சுகளை மட்டும் கோத்தால் தலைக்குள் இருக்கிற ரத்தக்குழாய்கள் மொத்தமும் மரம் மாதிரி திரையில் சுற்றும். ஓடுகிற ரத்தம் மட்டும்தான் அதில் வரும். நின்றுபோன ரத்தத்தை அந்தப் படத்துக்குத் தெரியவே தெரியாது.

அதிலும் ஒரு வம்பு உண்டு. நாம் பிடித்திருக்கிற மெல்லிய துண்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரத்தம் போனால் சரி, அந்தத் துண்டுக்குள்ளேயே நீளவாக்கில் ஓடினால் அதுவும் சலித்துப்போய்க் காணாமல் போய்விடும், ஒன்றுமே ஆகாத குழாய் அடைத்துக்கொண்ட மாதிரி தெரியும். அதனால் ஒரு திசையில் அடைப்பு என்று வந்தால் திசையை மாற்றி இன்னொரு தடவை எடுக்காமல் நான் யாரையும் இறக்க மாட்டேன். அது என் பழக்கம்.

மஸ்கட்டில் இந்தக் குழாய்ப் படம் எடுக்கிற வசதியைப் புதிதாகப் போட்டார்கள். போட்டுப் பார்க்க ஒரு தலை வேண்டும் என்றார் வந்திருந்த இன்ஜினியர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விசிட் விசாவில் என்னோடு வந்து இரண்டு மாதம் இருந்த வசந்தா சாப்பாட்டுக் கேரியரோடு வந்திருந்தாள், அவளையே படுக்க வைத்தேன். இறங்கி வந்து, தலைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, இதுக்கு இத்தனை சத்தமா என்றாள். அந்தப் படத்தை ஃபிலிமில் போட்டு வைத்துக்கொண்டேன். இந்தக் குழாய்கள் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். வசந்தாவுக்கு வலது காதுக்கு மேலே ஒரு சின்னக் குழாய் மேலே ஏறி, வளைந்து, திரும்பவும் கீழே இறங்கிப் பெரிய குழாயில் சேரும், கதவுக் கொக்கி மாதிரி. இடது பக்கம் விரல் கனத்துக்கு இருக்க வேண்டியது வெறும் நூலாக ஓடும். வேலையில்லாத நேரத்தில் அந்த ஃபிலிமை விளக்கில் மாட்டிப் பார்ப்பேன், கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள், எனக்கு அது மனப்பாடம்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து முப்பது நாள் லீவில் ஊருக்கு வந்தேன். புது வீடு குடிபோனோம், தம்பி பிள்ளைக்குக் காது குத்தினோம், பட்டுக்கோட்டை பக்கம் இருக்கிற குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். நான் திரும்பிப் போன பத்தாவது நாள் போன் வந்தது. நாலு நாளாகத் தலைவலியாம், ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள், ஐந்தாம் நாள் வலிப்பு வந்து போய்விட்டாள். நான் வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது, அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவள் கைப்பையை எடுத்துப் பார்த்தபோது இரண்டு மாத்திரை அட்டைகள் காலியாக இருந்தன. சத்து மாத்திரை என்று நினைத்துத் தூக்கிப் போட்டேன்.

அது என்ன மாத்திரை என்பது தஞ்சாவூர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புருஷன் லீவில் வருவான், இருக்கிற முப்பது நாளுக்குள் கோயில், வீடு, காதுகுத்து எல்லாம் முடித்தாக வேண்டும், நடுவில் மாதவிலக்கு வந்தால் எல்லாம் நின்றுபோகும் என்று கடையில் இந்த மாத்திரையை வாங்கிப் போட்டு அதைத் தள்ளிப்போடுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதம் முழுக்க. கூடவே விரதம், தண்ணீர்கூடக் குடிக்காமல். சில பேருக்கு அதில் ரத்தம் கெட்டியாகி மூளையிலிருந்து இறங்குகிற பெரிய குழாயில் உறைந்துகொள்ளும். நான் வந்த முதல் வருடத்திலேயே அப்படி இரண்டு பெண்கள் வந்தார்கள். அதன் பிறகு எங்கள் படிவத்தின் அடியில் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று என் கையால் ஒரு வரி எழுதி ஜெராக்ஸ் போட்டுக்கொண்டேன். எல்லாப் பெண்களையும் கேட்பேன். எரிந்து விழுபவர்களும் உண்டு.

அன்றைக்கு வந்தவள் பெயர் கலைச்செல்வி. இருபத்தேழு வயது, திருவாரூர் பக்கத்துக் கிராமம். புருஷன் துபாயில் எலக்ட்ரீஷியன், எட்டு நாள் முன்னால்தான் பிளேன் ஏறியிருக்கிறான். மூன்று நாளாகத் தலைவலி, வாந்தி, காலையிலிருந்து வலது கை மரத்துப் போயிருக்கிறது. மாமியார்தான் கூட்டி வந்திருந்தார், இடுப்பில் காது குத்தின புண் ஆறாத ஒரு வயசுக் குழந்தை. தாலியைக் கழற்ற வேண்டும் என்றதும் அந்த அம்மா ஒன்றும் மறுக்காமல் மடியிலிருந்து மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை எடுத்து முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தங்கத்தைக் கழற்றினார், யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் கேள்வியைக் கேட்டேன்.

"போட்டுச்சுங்க, ஒரு மாசமா போட்டுச்சு. அவன் லீவு முப்பது நாளுதானுங்க. அதுக்குள்ள வீடு குடிபோவணும், புள்ளைக்குக் காது குத்தணும், சாமிக்குப் பொங்க வைக்கணும். நடுவுல இது தூரமாயிட்டா எல்லாம் நின்னு போவும்ல."

அப்படியே எங்கள் வீட்டுக் கதை, கேட்டதும் எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். இல்லை. படிவத்தில் ஆம் என்று எழுதிவிட்டு அவளைப் படுக்க வைத்தேன்.

சாதாரணப் படத்தில் நடு உச்சியில் ஓடுகிற பெரிய குழாய் கறுப்பாக இல்லாமல் வெளுத்திருந்தது. ரத்தம் மெதுவாகப் போனாலும் அப்படித் தெரியும், அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குழாய்ப் படம் எடுத்தேன். உச்சிக் குழாய் மொத்தமும் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். நல்ல டாக்டர், சின்ன வயசு, அன்றைக்கு மூன்று மணிக்குக் கும்பகோணத்தில் அவருக்கு வேறு வேலை இருந்தது, கார் வாசலில் நின்றது. இந்தத் திசையில் எடுத்தால் இப்படித்தான் ஏமாற்றும், மாற்றி எடுங்கள் என்றார். நானும் அதற்குத்தான் தயாராக இருந்தேன். திசையை மாற்றிப் போட்டேன். மைக்கில், அம்மா இன்னும் அஞ்சு நிமிஷம் அசையாம இருங்க என்று சொன்னேன், சரிங்க என்று ஈனஸ்வரத்தில் பதில் வந்தது.

படம் சேர்ந்து திரையில் சுற்ற ஆரம்பித்தது. உச்சிக் குழாய் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பளிச்சென்று இருந்தது. எங்கேயும் அடைப்பில்லை. அவ்வளவு சுத்தமான படத்தை அந்தப் பழைய மெஷினில் நான் அதற்கு முன்னால் எடுத்ததில்லை.

டாக்டர் திரையைக் காட்டினார். "ஓப்பனாத்தான் இருக்கு பாருங்க. மொதல்ல வந்தது டைரக்‌ஷன் பிரச்சினை. மைக்ரேன்னு போட்டு அனுப்பிடலாம்."

நானும் சரி என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். படம் ஒரு சுற்று சுற்றி வலது பக்கம் திரும்பியது. காதுக்கு மேலே ஒரு சின்னக் குழாய் ஏறி, வளைந்து, திரும்பவும் இறங்கிச் சேர்ந்தது. இடது பக்கம் திரும்பியது. நூல்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அது வசந்தாவின் தலை. மஸ்கட்டில் எடுத்தது வேறு மெஷின், வேறு கம்பெனி, அந்தப் படம் எந்த ஒயரில் ஏறித் தஞ்சாவூருக்கு வரும்? என் வீட்டு பீரோவில் இருப்பது ஃபிலிம், அதை மெஷினுக்குள் போட வழியே கிடையாது. இதையெல்லாம் அங்கே உட்கார்ந்தே யோசித்தேன், நிதானமாக. யோசித்து முடித்த பிறகும் படம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. ஓடுகிற ரத்தம் மட்டும்தான் அந்தப் படத்தில் வரும் என்று சொன்னேன் இல்லையா. அப்படியானால் அந்த ஐந்து நிமிடம் அது ஓடியிருக்கிறது. அவள் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

பயமா என்று கேட்பீர்கள். இல்லை. சந்தோஷமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் கை மட்டும் தெரியும், கன்னம் தெரியாது, அப்படி இருந்தேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டர் அனுப்பிடலாம் என்றபோது எனக்கும் அதுவே போதும் என்றிருந்தது. மறுபடி எடுத்தால் இது போய்விடும் என்று எப்படியோ எனக்குத் தெரிந்தது. இது நிஜம் என்று டாக்டரே சொல்கிறார், ரிப்போர்ட்டில் எழுதி உறையில் போட்டுக் கொடுக்கப் போகிறார், நான் யார் இல்லை என்று சொல்ல? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் பாதம் இரண்டும் மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மெட்டி கழற்றின இடம் வெளுத்திருந்தது. அனுப்பினால் இன்னும் இரண்டு நாளில் அவளுக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சார், தலைய அசைச்ச மாதிரி இருக்கு. இன்னொரு தடவ எடுத்துடறேன்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அசைஞ்சா இவ்வளவு ஷார்ப்பா வருமாங்க?"

மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள் சார், அஞ்சே நிமிஷம் சார் என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மெஷின் சும்மா இருந்தது. மைக் திறந்துதான் இருந்தது, குளிர்விக்கிற பம்பு போடுகிற சத்தத்தைத் தவிர உள்ளேயிருந்து ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. அழுத்தினேன். அதே திசை, அதே கணக்கு, ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

மூன்றாவது படத்தில் உச்சிக் குழாய் இல்லை. கொக்கியும் இல்லை. நின்றுபோன இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்கள் வழி தேடிக்கொண்டு கோணல்மாணலாகப் போயின, அந்தப் பெண்ணுடையவை.

டாக்டர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தார். சாதாரணப் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், வெளுத்துத் தெரிந்த இடத்தில் விரலை வைத்தார், பிறகு போனை எடுத்து அவளை அனுப்பிய டாக்டரிடம் பேசினார். கும்பகோணத்துக்குப் போகவில்லை. ஸ்ட்ரெச்சரில் அவளை ஏற்றும் வரை கூடவே நின்றார். ரத்தம் உறையாமல் இருக்க அன்றைக்கே ஊசி ஆரம்பித்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். இரண்டாவது படம் எப்படி வந்தது என்று அவர் என்னைக் கேட்டார், தெரியவில்லை சார் என்றேன். ஒரே பேஷண்ட் பெயரில் இரண்டு விதமாக இருந்தால் நாளைக்கு வம்பு, அதை அழித்துவிடுங்கள் என்றார். அழிக்கட்டுமா என்று மெஷின் ஒரு தடவை கேட்டது. அழுத்தினேன். ஒரு பிரதியாவது எடுத்து வீட்டில் இருக்கிற ஃபிலிமோடு வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எனக்கும் அது தோன்றியது. அதனால் என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. மூன்று வருடமாகப் பெண்டாட்டி நினைப்பில் இருந்தவன் கண்ணுக்கு எல்லாம் கொக்கியாகத்தான் தெரியும் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். பல நாள் நானே அப்படிச் சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

ஐந்து மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அவள் வந்தாள். முகம் தெளிந்திருந்தது, வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது என்றாள். படம் எடுத்தேன். குழாய் முக்கால்வாசி திறந்திருந்தது. வலது காதுக்கு மேலே நன்றாகத் தேடினேன், ஒன்றும் இல்லை. மாமியார் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போயிருந்தார், இவள் பெஞ்சில் உட்கார்ந்து மெட்டியைப் போட்டுக்கொண்டே, அன்னைக்கு உள்ள நின்னாங்களே ஒரு அக்கா, அவங்க இன்னைக்கு வரலையா என்று கேட்டாள்.

மெஷின் ஓடும்போது அந்த அறைக்குள் யாரும் நிற்பதில்லை. எங்கள் சென்டரில் அப்போது பெண் ஊழியர் ஒருவர்தான், அவரும் வாசலில் பில் போடுகிறவர். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. எந்த அக்கா என்று மட்டும் கேட்டேன்.

"பாக்கல சார், குரலுதான். ரெண்டாவது தடவ சத்தம் ஆரம்பிச்சதும் தலைவலி அப்படியே விட்டுப்போச்சு. சத்தம் நின்னப்புறம் தலைமாட்டுல அவங்க சொன்னாங்க, அவரு இதோட விட மாட்டாரு, மறுபடி எடுப்பாருன்னு. சொன்ன மாதிரியே நீங்க எடுத்தீங்க. வலியும் திரும்பி வந்துருச்சு."

நான் ஃபிலிமை உறையில் போட்டேன். அதை அவளிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"கோவமா சொன்னாங்களா?"

பாவம், எனக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டுமே என்று நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியல சார். சாதாரணமாத்தான் சொன்னாங்க."

வசந்தா கோபம் வந்தாலும் சாதாரணமாகத்தான் பேசுவாள்.